கண்ணைப் பார்த்து மனசைச் சொல்லும் பரீட்சை: அந்த மார்க்குக்கு என்ன மதிப்பு?

காசு கிடையாது. கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். கறுப்பு வெள்ளையில் 36 ஜோடிக் கண்கள், ஒவ்வொன்றையும் சுற்றி நான்கு சொற்கள். இந்த ஆள் என்ன நினைக்கிறார், என்ன உணர்கிறார் என்பதற்குப் பொருந்தும் சொல் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடைசியில் 36-க்கு ஒரு மார்க். 'ரீடிங் த மைண்ட் இன் தி ஐஸ்' என்பது முழுப்பெயர், ஆராய்ச்சிக்காரர்கள் வாயில் 'ஐஸ் டெஸ்ட்'. கேம்பிரிட்ஜில் உளவியலாளர் சைமன் பேரன்-கோஹன் குழு உருவாக்கியது. இப்போது எல்லோர் கையிலும் புழங்குவது 2001-இல் வந்த திருத்திய பதிப்பு.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். வீட்டில் நாலு பேர் சேர்ந்து செய்துபார்த்து வாதம் பண்ண, ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஆராய்ச்சியில் கூட்டம் கூட்டமாக ஒப்பிட, மூன்று. ஒரு தனி ஆளைப் பார்த்து 'உனக்கு அடுத்தவர் மனசு புரியும், உனக்குப் புரியாது' என்று சொல்ல, ஒன்று. அந்த ஒன்றும் படங்களை நேர்த்தியாக வெட்டியிருக்கிறார்களே என்பதற்காகத்தான்.

1997-இல் வந்த முதல் பதிப்பில் 25 படங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டே சொற்கள். அந்த இரண்டும் எதிரெதிரானவை. 'அக்கறையோடு' என்று ஒன்று இருந்தால் மற்றது 'அக்கறையில்லாமல்'. கண்ணை மூடிக்கொண்டு டிக் அடித்தாலே பாதி சரியாகிவிடும், சாதாரண ஆட்கள் முழு மார்க்கை நெருங்கிவிடுவார்கள், மேலே போக இடமே இருக்காது. அதனால்தான் நான்கு சொல்லாக்கி, எதிர்ச்சொல்லை விட்டுவிட்டு, ஒன்றுக்கொன்று கொஞ்சம் ஒட்டும் சொற்களைப் போட்டுத் திருத்தினார்கள். இப்போது குத்துமதிப்பாக அடித்தால் சராசரியாக 9 வரும். 14-க்கு மேல் போனால்தான் வெறும் அதிர்ஷ்டம் இல்லை என்று ஓரளவு நம்பலாம்.

படங்கள் பத்திரிகைகளிலிருந்து எடுத்தவை. மூக்கின் நடுப்பகுதியிலிருந்து புருவத்துக்குச் சற்று மேல் வரை வெட்டியிருக்கிறார்கள். 19 ஆண்கள், 17 பெண்கள், எல்லோரும் வெள்ளையர்கள். இதில் ஒரு விஷயத்தை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்: படத்தில் இருப்பவரிடம் யாரும் போய் 'அந்த நேரத்தில் என்ன நினைத்துக்கொண்டிருந்தீர்கள்?' என்று கேட்கவில்லை. பத்திரிகைப் படத்துக்கு முகம் காட்டியவர் நடித்திருக்கலாம், வெயிலில் கண் கூசியிருக்கலாம், மதியச் சாப்பாடு எப்போது என்று யோசித்திருக்கலாம்.

அப்படியானால் 'சரியான விடை' எங்கிருந்து வந்தது? ஓட்டெடுப்பில். முதலில் ஆராய்ச்சியாளர்கள் இரண்டு பேர் உட்கார்ந்து ஒவ்வொரு படத்துக்கும் ஒரு விடைச் சொல்லையும் மூன்று தவறான சொற்களையும் எழுதினார்கள். பிறகு நான்கு ஆண், நான்கு பெண் என எட்டு நடுவர்களிடம் காட்டினார்கள். எட்டில் குறைந்தது ஐந்து பேர் விடைச் சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும், எந்த ஒரு தவறான சொல்லையும் இரண்டு பேருக்கு மேல் தேர்ந்தெடுக்கக் கூடாது. தேறாத படத்துக்குச் சொல்லை மாற்றி மறுபடி காட்டினார்கள். இப்படி 40 படம் தேறியது. அதைப் பெரிய கூட்டத்திடம் கொடுத்து இன்னொரு முறை சலித்தார்கள். பாதிப் பேராவது விடைச் சொல்லைச் சொல்ல வேண்டும், எந்தத் தவறான சொல்லும் கால்வாசிப் பேருக்கு மேல் போகக் கூடாது. நான்கு படம் விழுந்தது, 36 நின்றது.

இந்த விதியைத் திருப்பிப் பார்த்தால் பரீட்சையின் குணம் தெரிந்துவிடும். பாதிப் பேர் ஒத்துக்கொண்டாலே ஒரு படம் உள்ளே வரலாம் என்றால், மீதிப் பாதியும் ஒழுங்காகப் பார்த்துவிட்டுத்தான் வேறு சொல்லைச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கு 'தவறு' என்று மார்க் போகிறது. ஆக, இந்த 36-க்கு வரும் மார்க், நீங்கள் எதிராளியின் மனசை எவ்வளவு சரியாகப் பிடித்தீர்கள் என்பதன் அளவு இல்லை. 1990-களின் இங்கிலாந்தில் ஒரு கூட்டம் எந்தச் சொல்லைச் சொன்னதோ அதோடு எவ்வளவு ஒத்துப்போனீர்கள் என்பதன் அளவு. கூட்டத்தோடு ஒத்துப்போவதும் ஒரு திறமைதான், இல்லை என்று சொல்லவில்லை. பெயர்ப்பலகையில் எழுதியிருப்பது வேறு.

மார்க் வந்ததும் எல்லோரும் தேடுவது 'நல்ல மார்க் எது?' என்பதைத்தான். 2001 ஆய்வில் பொதுமக்கள் 122 பேருக்குச் சராசரி 26.2, மாணவர்கள் 103 பேருக்கு 28.0. ஆட்டிசம் நிறமாலையில் இருந்த 15 பேருக்கு 21.9. பொதுமக்களின் பரவல் (மார்க்குகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதன் அளவு) 3.6 என்பதால், மூன்றில் இரண்டு பங்குப் பேர் 23-க்கும் 30-க்கும் நடுவே விழுவார்கள். அந்த 15 பேரின் பரவல் 6.6, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதாவது அவர்களிலேயே சிலர் பொதுமக்கள் சராசரியை எட்டியிருப்பார்கள், சிலர் மிகக் கீழே போயிருப்பார்கள். இந்த மார்க்கை வைத்து ஒருவருக்கு ஆட்டிசம் இருக்கிறது, இல்லை என்று சொல்வது அந்த அட்டவணையைப் படிக்கத் தெரியாத வேலை. கண்டறிவது நேரில் பார்த்து, வளர்ந்த கதையைக் கேட்டு, நிபுணர் செய்ய வேண்டியது.

இன்னொரு கணக்கும் உண்டு. 36 கேள்விதான் என்பதால், உண்மையில் 26 எடுக்கக்கூடியவருக்கே அதிர்ஷ்டத்தால் இரண்டு மூன்று மார்க் மேலும் கீழும் ஆடும். கணவர் 28, மனைவி 25 என்றால் வீட்டில் யாருக்கு மனசு புரிகிறது என்ற வழக்கு தீர்ந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ஐந்தாறு மார்க் வித்தியாசம் இருந்தால் பேசலாம்.

வித்தியாசம் இருந்தாலும் அது எதனால் என்று உடனே சொல்லிவிட முடியாது. இங்கேதான் பரீட்சையின் பெரிய ஓட்டை: மொழி. விடைகளாகவும் தவறான சொற்களாகவும் வருபவை ஆங்கில நாவல் படிப்பவர்கள் மட்டும் தினமும் புழங்கும் சொற்கள். அகாஸ்ட், டெஸ்பாண்டன்ட், இன்கிரெடுலஸ், இம்ப்ளோரிங், டென்டேடிவ். இதை உருவாக்கியவர்களுக்கும் தெரிந்ததால்தான் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருளும் எடுத்துக்காட்டு வாக்கியமும் சேர்த்து ஒரு சொற்பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். இணையத்தில் சுற்றும் பல நகல்களில் இந்தப் பட்டியல் காணாமல் போயிருக்கும். அது இல்லாத நகலில் செய்யவே செய்யாதீர்கள். அர்த்தம் தெரியாத சொல்லைத் தள்ளிவிட்டு மீதி மூன்றில் ஒன்றை அடிப்போம். தள்ளிய சொல்லே விடையாக இருந்தால் தோற்றது கண் இல்லை, அகராதி. 2020-இல் டோடெல்-ஃபெடர் குழு 40,248 பேரின் மார்க்கை எடுத்துப் பார்த்தபோது, கல்வி, இனம் போன்றவை மார்க்கோடு தெளிவாகச் சேர்ந்து நகர்ந்தன. படிப்பு குறைவானவர்களுக்கும் வெள்ளையர் அல்லாதவர்களுக்கும் மார்க் குறைவு. அவர்களுக்கு அடுத்தவர் மனசு தெரியாது என்று இதை வாசிப்பதா, பரீட்சை அவர்களுக்காகச் செய்யப்படவில்லை என்று வாசிப்பதா? இரண்டாவதுதான் நியாயமாகப் படுகிறது.

தமிழில் யோசிப்பவருக்கு இதில் ஒரு தனிச் சிக்கல். விடைத்தாளை வரிசையாக எழுதிப் பாருங்கள். காண்டெம்ப்ளேடிவ், தாட்ஃபுல், பென்சிவ், ரிஃப்ளெக்டிவ், பிரிஆக்குபைட். கடைசிச் சொல் இரண்டு படங்களுக்கு விடை. ஆக மொத்தம் ஆறு படங்கள். தமிழில் இந்த ஆறுக்கும் நம் வாயில் வருவது ஒன்றே ஒன்று: 'என்னவோ யோசனையில இருக்காங்க.' 36-இல் ஆறு என்றால் ஆறில் ஒரு பங்கு. ஆங்கிலத்தில் ஐந்து சாயல், நமக்கு ஒன்று. இதனால் நமக்கு நஷ்டம் என்று நினைத்தால் தப்பு, உண்மையில் லாபம். கண் அசையாமல், புருவம் நெரியாமல், பார்வை எங்கோ நிலைகுத்தியிருந்தால் யோசனைச் சொல்லைத் தேடி அடித்துவிடலாம். மனசைப் படிக்காமலே ஆறு மார்க் கையில். இதற்குப் பெயர் பரீட்சை எழுதும் சாமர்த்தியம். நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.

விடைத்தாளை ஆண், பெண் என்று பிரித்துப் பார்த்தால் இன்னொன்று கண்ணில் படும், இது கொஞ்சம் உறுத்தும். ஆசை, சரசம், பகல்கனவு (இது இரண்டு முறை) என்று விடை வரும் நான்கு படங்களும் பெண்களுடையவை. பகைமை, குற்றஞ்சாட்டல், எதிர்ப்பு, விடாப்பிடி என்று விடை வருபவை ஆண்களுடையவை. கண் சொன்னதா, 'பெண் என்றால் இப்படி, ஆண் என்றால் அப்படி' என்று பார்ப்பவர் மனசில் ஏற்கெனவே இருந்தது சொன்னதா? இரண்டையும் பிரிக்க இந்தப் பரீட்சையில் வழியே இல்லை. பெண் கண்ணைப் பார்த்ததும் சரசம் என்று அடிப்பவருக்கு மார்க் விழும், அவ்வளவுதான்.

இதையெல்லாம் நம்ப வேண்டாம் என்றால் ஒரு சோதனை இருக்கிறது, செய்து பாருங்கள். படத்தை மட்டும் திரையில் வைத்து, நான்கு சொற்களையும் ஒரு காகிதத்தால் மறைத்துவிடுங்கள். பார்த்ததும் தோன்றும் சொல்லை உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். பத்துப் படத்துக்கு எழுதிவிட்டுக் காகிதத்தை எடுங்கள். எழுதியது 'களைப்பா இருக்கார்', 'சும்மா பார்க்கிறார்', 'வெயில்', 'கோபமோ என்னவோ' என்கிற ரகமாக இருக்கும். நான்கு சொற்களைப் பார்த்த பிறகோ, 'அட, ஆமாம், இதுதான்!' என்று ஒரு தெளிவு வரும். அந்தத் தெளிவு கண்ணிலிருந்து வரவில்லை, சொல்லிலிருந்து வந்தது. 2019-இல் பெட்ஸ், ஹோமன், பாரெட் மூவரும் இதையே ஆய்வாகச் செய்தார்கள். சொற்களை எடுத்துவிட்டால், எதிர்பார்த்த விடையோடு ஒத்துப்போவது வெகுவாகச் சரிந்தது. விலைச்சீட்டைப் பார்த்த பிறகு புடவை உசத்தியாகத் தெரிவது மாதிரி.

சோதனையை இன்னும் ஒரு படி நீட்டலாம். எழுதிய பத்தில் எத்தனை உணர்ச்சிச் சொல், எத்தனை காரணச் சொல் என்று எண்ணுங்கள். 'வெயில்', 'தூக்கம் வருது', 'யாரோ கூப்பிட்டிருக்காங்க' இதெல்லாம் காரணம். தமிழ் பேசுபவர்கள் இதை எழுதினால் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. உளவியலாளர் ஜோன் மில்லர் 1984-இல் வெளியிட்ட ஆய்வு, பக்கத்து மைசூரில் இந்துக் குடும்பங்களிடமும் அமெரிக்காவிலும் செய்யப்பட்டது. ஒருவர் ஏன் இப்படி நடந்துகொண்டார் என்று கேட்டால், அமெரிக்கப் பெரியவர்கள் ஆளின் குணத்தைச் சொன்னார்கள், மைசூர்ப் பெரியவர்கள் நிலைமையை, உறவை, கடமையைச் சொன்னார்கள். எட்டு வயதுப் பிள்ளைகளிடம் இந்த வித்தியாசம் பெரிதாக இல்லை, வயது ஏற ஏறத்தான் விரிந்தது. அதில் வந்த ஒரு சம்பவம் பிரபலம்: மோட்டார் சைக்கிளில் போன வக்கீல், விபத்தில் அடிபட்ட தன் பின்சீட்டுக்காரரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுக் கோர்ட்டுக்குப் போய்விடுகிறார். 'பொறுப்பில்லாதவர்' என்பது ஒரு பதில். 'கோர்ட்டில் கட்சிக்காரர் காத்திருப்பார், அவர் கடமை அது, தவிர காயம் அவ்வளவு பெரிதாகத் தெரியாமல் இருந்திருக்கும்' என்பது இன்னொரு பதில்.

இந்த இரண்டாவது வகைப் பதிலுக்கு ஐஸ் டெஸ்டில் இடமே கிடையாது. முகத்தில் பாதி போய்விட்டது, கை கால் இல்லை, எதிரே யார் நிற்கிறார் என்பதில்லை, என்ன நடந்தது என்பதில்லை. எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டு, 'இந்த ஆளுக்குள் என்ன இருக்கிறது' என்று மட்டும் கேட்கிறது. நிலைமையை விட்டுவிட்டுக் குணத்தில் காரணம் தேடும் பழக்கத்துக்கு 1977-இல் உளவியலாளர் லீ ராஸ் 'அடிப்படைக் காரணப் பிழை' என்ற பொருளில் பெயர் வைத்தார். அந்தப் பழக்கத்துக்கு இதைவிட நல்ல பயிற்சித்தாள் கிடைக்காது.

ரேஷன் கடையில் பில் போடுபவரை எடுத்துக்கொள்ளுங்கள். மூக்கிலிருந்து புருவம் வரை வெட்டினால் புருவம் நெரிந்து, பார்வை தாழ்ந்து, இமை பாதி மூடி. நான்கு சொல்லில் 'எரிச்சல்' என்று கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம், மார்க்கும் கிடைக்கும். கொஞ்சம் பின்னால் தள்ளி நின்று பார்த்தால், மிஷினில் பாட்டியின் ரேகை மூன்றாவது முறையும் விழவில்லை, விரலைத் துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொல்கிறார், வரிசை வாசல் தாண்டி வெயிலில் நிற்கிறது, அவர் பார்ப்பது திரையில் சுற்றிக்கொண்டிருக்கும் வட்டத்தை. 'எரிச்சல்' தப்பில்லை. ஆனால் வரிசையில் நிற்பவருக்குத் தேவையானது அந்தச் சொல் இல்லை. அது தன் மேல் வரும் எரிச்சலா, மிஷின் மேலா என்பதுதான் தேவை. அதைக் கண் மட்டும் சொல்லாது.

நம்மிடம் இதற்குப் பழைய சொல் ஒன்று உண்டு, குறிப்பறிதல். குறளில் இந்தத் தலைப்பில் இரண்டு அதிகாரங்கள், 71-ஆவது அமைச்சருக்கு, 110-ஆவது காதலருக்கு. இரண்டிலும் எதிரே இருப்பவர் யார், அவருக்கும் நமக்கும் என்ன உறவு என்பது பார்ப்பவருக்குத் தெரியும். முன்பின் தெரியாதவரின் அரை முகத்தைக் காட்டிக் குறிப்பறியச் சொல்வது வேறு விளையாட்டு.

பரீட்சையின் நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2010-இல் வூலி குழு 699 பேரைச் சிறு குழுக்களாகப் பிரித்துப் பலவிதப் புதிர்களைச் செய்யச் சொன்னபோது, குழுவில் உள்ளவர்களின் ஐஸ் டெஸ்ட் சராசரி கூடக் கூடக் குழுவின் வேலையும் நன்றாக அமைந்தது. குழு எப்படிச் செய்யும் என்பதை, குழுவிலேயே பெரிய புத்திசாலியின் புத்திக்கூர்மை மார்க்கைவிட இது அதிகம் சொன்னது. ஆக ஏதோ ஒன்றை அளக்கிறது, சந்தேகமில்லை. மறுபக்கம், இலக்கியக் கதை படித்தால் இந்த மார்க் உடனே கூடும் என்று 2013-இல் 'சயன்ஸ்' இதழில் வந்து உலகம் சுற்றிய முடிவு, 2018-இல் மறுபடி செய்துபார்த்தபோது நிற்கவில்லை. 2016-இல் ஓக்லி குழு காட்டியது இன்னும் முக்கியம். தன் உணர்ச்சிக்கே பெயர் சொல்ல வராமல் திணறும் தன்மையைக் கணக்கில் எடுத்துச் சமப்படுத்தினால், ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இந்த மார்க்கில் வித்தியாசம் தெரியவில்லை. உணர்ச்சிக்குப் பெயர் சூட்டும் திறமைதான் பெருமளவு அளக்கப்படுகிறது என்று இதை எடுத்துக்கொள்வதே பொருத்தம்.

வேலைக்கு ஆள் எடுக்கும் இடங்களிலும் 'எமோஷனல் இன்டெலிஜென்ஸ்' வகுப்புகளிலும் இதைக் கொண்டுவந்து நீட்டினால், சொற்பட்டியல் எங்கே, எந்த மொழிக்காரர்களின் சராசரியோடு ஒப்பிடுகிறீர்கள் என்று இரண்டு கேள்வி கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த மார்க்கைக் கோப்பில் சேர்க்க விடாதீர்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் தாளைக் கொடுக்கக் கூடாது. அவர்களுக்கென்று எளிய சொற்களோடு 28 படம் உள்ள தனிப் பதிப்பு இருக்கிறது.

செய்வதென்றே முடிவெடுத்தால், கேம்பிரிட்ஜ் ஆட்டிசம் ஆராய்ச்சி மையத்தின் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் நகல்களில் படம் நசுங்கி, கண்ணோரச் சுருக்கம் புள்ளிப் புள்ளியாகிவிடும். விடை பாதி அந்தச் சுருக்கத்தில்தான் இருக்கிறது. போன் திரை போதாது, கணினியிலோ அச்சிட்ட தாளிலோ பாருங்கள். முதலில் வரும் மாதிரிப் படத்தை மார்க்கில் சேர்க்கக் கூடாது. அதையும் கூட்டி 37-க்குப் போடுபவர்கள் உண்டு. நேரக் கட்டுப்பாடு இல்லை, ஆனால் ஒரு படத்தோடு மல்லுக்கட்டவும் வேண்டாம். ஒரு முறைதான் உண்மையான மார்க். இரண்டாவது முறை செய்தால் நினைவாற்றலுக்குப் பரீட்சை. வெள்ளை முகங்கள் மட்டும் என்பது உறுத்தினால், பல இனத்தவர் படங்களோடு பிற்பாடு வந்த பன்முகப் பதிப்பும் இருக்கிறது. அது கொஞ்சம் தேவலை. ஓட்டெடுப்பில் விடை வைப்பது அங்கும் அப்படியேதான்.

தமிழில் ஒன்று செய்ய நினைப்பவர்கள் இந்த 36-ஐ மொழிபெயர்க்க மெனக்கெட வேண்டாம். சொல் மாறினால் பழைய ஓட்டு செல்லாது, எட்டு நடுவரையும் மறுபடி உட்கார வைக்க வேண்டும், அந்த ஆறு யோசனைப் படங்களில் பாதி விழுந்துவிடும். புதிதாகவே படம் எடுங்கள். திண்ணை, பஸ் ஸ்டாண்டு, கல்யாணப் பந்தி என்று இடம் தெரியும்படி ஒரு படம், அதே படத்தில் கண் மட்டும் வெட்டி இன்னொன்று. இரண்டையும் வேறு வேறு ஆட்களிடம் காட்டி விடை எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். ஷட்டரை அழுத்திய அடுத்த நிமிடம், கையில் நோட்டோடு போய் எதிரே இருப்பவரிடம், 'இப்ப என்ன நெனச்சுக்கிட்டு இருந்தீங்க?' என்று கேட்டு, அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.